கெடி லீயின் கால்கள்

இரண்டு வருடமாக பேஸ் கிட்டார் (கீழ்ச்சுரம் வாசிக்கும் கிட்டார்) பழகுகிறேன். வாசித்துக்கொண்டே பாட மட்டும் இன்னும் வரவில்லை. வாயைத் திறந்தால் விரல் நின்றுவிடுகிறது. சாதாரண கிட்டார் என்றால் கார்டை (பல சுரங்கள் சேர்ந்த ஒரே பிடி) பிடித்துத் தட்டிக்கொண்டே ஒப்பேற்றிவிடலாம். பேஸ் அப்படி இல்லை, பாட்டு ஒரு பக்கம் போனால் அது தன் வழியில் போகும்.

அதனாலேயே, பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் கெடி லீ மேல், கனடாவின் மூன்று பேர் ராக் குழுவான ரஷ்ஷில் இருப்பவர், எனக்குக் கொஞ்சம் பொறாமை. நேற்று ராத்திரி 1981-இல் மாண்ட்ரியலில் எடுத்த ‘ஸனடு’ பாட்டின் மேடை வீடியோவைத் திரும்பப் போட்டு, அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் இரட்டைக் கழுத்து ரிக்கன்பேக்கர்: ஒன்று பேஸ், இன்னொன்று கிட்டார். அவர் கிட்டாருக்குப் போனால் பேஸ் யார் வாசிப்பது? அதற்குத்தான் தரையில் மூக் டாரஸ் பெடல், காலால் மிதித்துப் பேஸ் ஒலி எழுப்பும் கருவி. ஆர்மோனியக் கட்டைகளைக் கால் மிதிக்கிற அளவுக்குப் பெரிதாக்கிக் கீழே போட்ட மாதிரி இருக்கும். அதை ஷூவால் மிதித்துக்கொண்டே அந்த உச்சக் குரலில் பாடுகிறார். பக்கத்தில் கீபோர்டு வேறு. பிற்காலத்தில் வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மேலும் கீழும் தந்தியை அடித்தார். நான் இரண்டு விரலில் தடுமாறுகிறேன்.

நாலாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. மூன்று பேருக்கும் மனமில்லை.

கெடி லீ டொரொண்டோவில் 1953-இல் பிறந்தவர். பெயர் கேரி. போலந்து யூதரான அம்மாவின் உச்சரிப்பில் அது ‘கெடி’ என்று வர, நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். அம்மா, அப்பா இருவருமே ஆஷ்விட்ஸ் நாஜி வதை முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்கள். இவருக்குப் 12 வயதில் அப்பா இறந்துவிட, குடும்பக் கடையை அம்மாவே நடத்தினார். மகன் பள்ளியைப் பாதியில் விட்டதில் அவருக்கு வருத்தம். ஆனால் ரெக்கார்டு வந்ததும் கடைக் கண்ணாடி முழுக்க ரஷ் போஸ்டர்தான், காசில்லாத பையன்களுக்கு ரெக்கார்டு இனாம்.

அந்த முதல் ரெக்கார்டு வந்தது 1974-இல். கிளீவ்லாண்ட் வானொலி ஒன்று ‘வொர்க்கிங் மேன்’ பாட்டைப் போட, கேட்டவர்கள் பிரிட்டன் ராக் குழு லெட் செப்பலினின் புதுப் பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இரண்டே வாரம் இருக்கும்போது டிரம்ஸுக்கு நீல் பியர்ட் வந்து சேர்ந்தார். அப்புறம் பாட்டு வரிகளும் பெரும்பாலும் அவர் பொறுப்பு. 1976-இல் ரெக்கார்டு கம்பெனி சின்னச் சின்னப் பாட்டாகக் கேட்டது. இவர்கள் ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க, 20 நிமிடத்துக்கு, ஒரே பாட்டைக் கொடுத்தார்கள். ‘2112’. அதுதான் அவர்களைத் தூக்கிவிட்டது.

எனக்குப் பிடித்த கதை பிற்காலத்தது. பேஸ் ஒலி நேராக அரங்கத்தின் ஒலிபெருக்கிக்கே போக ஆரம்பித்ததும், மேடையில் கெடி பின்னால் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் கிட்டார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனுக்கு ஆம்ப் மலை, இந்தப் பக்கம் வெற்றிடம். சரி என்று துணி உலர்த்தும் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தினார். உள்ளே டி-ஷர்ட்கள் சுற்றிக்கொண்டிருக்கும். 2007-இல் அவை போய்க் கோழி சுடும் அடுப்புகள் வந்தன. பாட்டு நடக்கும்போதே சமையல்காரர் உடையில் ஒருவர் வந்து கோழிக்கு மசாலாத் தண்ணீர் தடவிவிட்டுப் போவார். யாரும் சிரிக்காத மாதிரி வாசிப்பு தொடரும்.

2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் கடைசிக் கச்சேரி. எப்போதும் டிரம்ஸைத் தாண்டி முன்னால் வராத பியர்ட், அன்று எழுந்து வந்து இருவரையும் கட்டிக்கொண்டார். 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயில் இறந்தார். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது: ஜெர்மனியின் அனிகா நில்லெஸ் டிரம்ஸ் வாசிக்க, 2026 ஜூனில் மறுபடி மேடை. தொடக்கம் அதே ஃபோரத்தில்.

டிக்கெட் விலைக்கு நான் இன்னொரு பேஸ் வாங்கலாம், விமானச் செலவு தனி. யாராவது மொபைலில் எடுத்துப் போடுவார்கள். எடுக்கிறவர் கொஞ்சம் கீழே காட்டினால் போதும், கால் தெரிய வேண்டும்.