பொரி, நகை, லெந்து, அப்புறம் சாதி

ஆயுத பூஜை முடிந்த கையோடு வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நடுவில் ஒரு கேள்வி கிளம்பும்: பொரி சாப்பிடலாமா, கூடாதா? ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று எல்லார் கையிலும் முதலாளி ஒரு கவரைக் கொடுத்துவிடுகிறார். உள்ளே பொரி, பொட்டுக்கடலை, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை, ஒரு வாழைப்பழம், கவரின் மேல் குங்குமம் பட்ட விரல் தடம். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜெபம் பண்ணிவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அவருடைய தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். முதலாளி மனசு நோகாமல் வாங்கிக்கொள்வார், ஆனால் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார், வழியில் நிற்கும் மாட்டுக்குப் போட்டுவிடுவார். ரெண்டு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும், ரெண்டு பேருமே கர்த்தருக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை என்று நினைக்காதீர்கள். கொரிந்து சபைக்கும் இதே தலைவலிதான். அவர்களுக்கு எழுதிய 1 கொரிந்தியர் 10-ல் அப்போஸ்தலன் பவுல் என்ன சொல்கிறார்? விருந்துக்குக் கூப்பிட்டால் போங்கள், வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் அவன் மனசாட்சிக்காகச் சாப்பிடாதீர்கள் என்கிறார். ஒரே சாப்பாடு, பதில் மட்டும் ரெண்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து.

ரோமர் 14-ல் அவர் இன்னும் ஒரு படி மேலே போய் ரெண்டு பக்கத்தையும் கண்டிக்கிறார். சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளி என்று தீர்க்கக்கூடாது. சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது. முதல் பாதியை எங்கள் ஆட்கள் நன்றாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள், 'அவங்க நம்மளை ஜட்ஜ் பண்றாங்க' என்று சொல்ல அது வசதியாக இருக்கிறது. ரெண்டாம் பாதி யாருக்கு எழுதியது? எங்களுக்குத்தான். என் சித்தி ஒருத்தர் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்த நாளில் காதுத் தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், வெள்ளைப் புடவையில் அவர் உள்ளே நுழைந்ததும், "என்ன சித்தி, கல்யாணத்துக்கு வந்தீங்களா இல்ல துக்கத்துக்கா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் பதில் சொல்லாமல் பந்தியில் கடைசி இலையில் போய் உட்காருவார். நகை போட்டவளைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே பாவம் எந்தப் பக்கம்?

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து வந்தால் கதையே தலைகீழாகும். அப்போது ஆம்பூர் பிரியாணியைத் தொடாமல் நாற்பது நாள் இருப்பவர்கள் நாங்கள், எல்லா நாளும் கர்த்தருடைய நாள்தானே என்று சாப்பிடுகிறவர்கள் பெந்தெகொஸ்தேக்காரர்கள். இப்போது பவுல் சொல்கிறபடி விசுவாசத்தில் யார் பலவீனர், யார் பலமுள்ளவர்? அவனவன் தன் மனதில் நிச்சயமாக இருக்கட்டும் என்று பவுல் அந்த அதிகாரத்திலேயே நாட்களைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

இந்த மாவட்டத்துச் சபைகளுக்கு இது புதுப் பாடமும் கிடையாது. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது, அவர்களுக்குப் பேராயர் (பிஷப்) என்ற பதவியே கிடையாது. இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன்களுக்கோ பேராயர் இல்லாமல் சபையே கிடையாது. இப்படிப்பட்ட சபைகளை ஒன்றாக்க 1919-ல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த பேச்சு 1947 செப்டம்பர் 27-ல்தான் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது, 28 வருஷம்! அந்த ஐக்கியத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒரு வாக்குறுதிதான்: ஒரு சபையாரின் மனசாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டு முறையையோ ஊழியரையோ அவர்கள்மேல் திணிப்பதில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் விவாதித்தது நகையையும் பொரியையும்விடப் பெரிய விஷயம்.

சரி, அப்படியானால் எல்லாமே சின்ன விஷயமா? இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் நூற்று மூன்று டிகிரி ஏறியும் ஜெபம் போதும், மருந்து வேண்டாம் என்று ஒருவர் வீட்டிலேயே வைத்திருந்தால், அங்கே அது அவருடைய மனசாட்சியோடு நிற்கவில்லை, குழந்தையின் உயிருக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளுக்கே பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் சாதி. பொரி விஷயத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்த அதே பவுல்தான், அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியார் பந்தியிலிருந்து விலகியபோது எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே எதிர்த்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது. யாரோடு சாப்பிடுவது என்பது அவருக்கு மனசாட்சிப் பிரச்சினையாகத் தெரியவில்லை, சுவிசேஷமே அதில் அடங்கியிருக்கிறது என்று பார்த்தார். நாமோ இதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். பொட்டுக்கும் தோட்டுக்கும் சபை மாறிப் போகிறோம். மணமகன் தேவை விளம்பரத்தில் மட்டும் 'இரட்சிக்கப்பட்ட' என்று எழுதி, பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடுகிறோம். சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றாக இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்டால், "அது உலக வழக்கம்பா, அதுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்" என்கிறார்கள்.

ரோமர் 14-ஐயும் கலாத்தியர் 2-ஐயும் ஒரே நாளில் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று எங்கள் ஆயரிடம் கேட்டிருக்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் வேதபாட வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். சித்தியையும் அவருடைய சபைக்காரர்கள் சிலரையும் வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.