ரப்பர் விட்டுச்சென்ற தடம்

மாணவர்களுக்கு நான் கொடுக்கும் படிவத்தின் மூன்றாவது கேள்வி, 'நீங்கள் செய்ய விரும்பும் மூன்று வேலைகளை எழுதுக' என்பது. பதிலை வாசிப்பதற்கு முன் தாளைச் சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பேன். தொழில் வழிகாட்டி ஆலோசகராக இருக்கும் எனக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவன், பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்த ஒரு மாணவன். முதல் கோட்டில் 'மெக்கானிக்கல் இன்ஜினீயர்' என்று எழுதியிருந்தான். அந்த எழுத்துகளுக்கு அடியில் தாள் நைந்து பஞ்சாக எழும்பியிருந்தது. முதலில் பென்சிலால் எதையோ அழுத்தி எழுதி, பிறகு ரப்பரால் அதைவிட அழுத்தித் தேய்த்திருக்கிறான். சாய்த்துப் பிடித்தபோது பள்ளமாகப் பதிந்திருந்த பழைய சொல் தெரிந்தது: 'நர்ஸ்'.

"இதை ஏன் அழித்தாய், தம்பி?"

"சும்மா எழுதிப் பார்த்தேன், மேடம்."

பேச்சு எங்கெங்கோ சுற்றி அவனுடைய தாத்தாவிடம் வந்தது. பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். பள்ளி நேரம் போக, அவரைப் பார்த்துக்கொண்டது இவன்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்றான். எப்படிப் புரட்டுவாய் என்று கேட்டேன். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த குரல் தெளிந்துவிட்டது. செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு மறுபக்கத்து முழங்காலை முதலில் மடக்கிவைக்க வேண்டும். பிறகு ஒரு கை தோளுக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால். "சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும், மேடம். சொல்லாமல் திருப்பினால் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுவார்." பேசிக்கொண்டே அவனது இரு கைகளும் என் மேசைக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத ஓர் உடம்பைத் தாங்கிக் காட்டின.

பிறகு ஏன் அழித்தாய் என்று மறுபடியும் கேட்டேன். "அந்த உடையில் என்னை நினைத்துப் பார்த்தேன். அது நானாக இல்லை" என்றான்.

உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டின் வழிவந்த வினாத்தாளைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். மனிதர்களின் நாட்டங்களை ஆறு வகைகளாகப் பிரித்து, அவற்றுக்குப் பொருந்தும் வேலைகளைச் சுட்டிக்காட்டும் முறை அது. நல்ல கருவிதான். ஆனால் உனக்கு என்ன பிடிக்கும் என்றுதான் அது கேட்கிறது. எதை விரும்ப உனக்கு அனுமதி இல்லை என்று நினைத்தாய் என்று கேட்பதில்லை. பையன் அழித்தது அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலை.

இதை எனக்கு விளங்கவைத்தது உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரட்சன் 1981இல் எழுதிய கோட்பாடு. ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்று குழந்தை வேலைகளைப் பிரித்துவிடுகிறது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள், இது நமக்கு எட்டாது, இது நமக்குக் குறைச்சல் என்று இன்னும் சிலவற்றைத் தள்ளிவிடுகிறது. தன் சொந்த நாட்டத்தைக் கவனிக்கத் தொடங்குவதே பதினான்கு வயதுக்கு மேல்தான் என்கிறார் அவர். அதற்குள் பாதிக் கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். சாத்தியது யார் என்பதுகூட நினைவில் இருக்காது. டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகளிடம் ஓர் அறிவியலாளரை வரையச் சொல்லியிருந்தார்கள். பெண் அறிவியலாளரை வரைந்த படங்கள் வெறும் 28. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். ஒரு சிறுவன்கூட வரையவில்லை.

என் கதையும் வேறல்ல. கணக்காளர்கள் நிறைந்த குடும்பம். நானும் கணக்கியல் படித்து, ஆறு ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தேன். பிடிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பிடித்திருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் செய்தேன். உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல், நான் யார் என்று ஒருவர் தீர்மானிக்கும் அடையாள உருவாக்கத்தின் நான்கு நிலைகளை விளக்கினார். தேடிப் பார்க்காமலேயே, பிறர் வகுத்த அடையாளத்தைத் தனதாக ஏற்றுக்கொண்டுவிடுவது அவற்றில் ஒன்று. முதன்முறை அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். காது கேளாத பெற்றோரின் மகள் ஒருத்தி வந்தாள். சைகை மொழிதான் அவளுக்கு முதல் மொழி. சைகை மொழிபெயர்ப்பாளராவதற்கு இவளைவிடப் பொருத்தமானவர் யார் என்று எனக்கு அப்படியொரு உற்சாகம். படிப்பு, பயிற்சி, வேலை வாய்ப்பு என்று அரை மணி நேரம் பேசிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஐந்து வயதிலிருந்து நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன், மேடம். வங்கியில், மருத்துவமனையில், என் பள்ளியிலேயே என்னைப் பற்றி ஆசிரியர் சொன்ன புகாரைக்கூட நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன். எனக்குத் தாவரவியல் படிக்க வேண்டும்."

அவள் பிறப்பைப் பார்த்து அவளுக்கொரு வேலையை எழுதிவிட்டேன். அந்தப் பையனின் கையிலிருந்த ரப்பரும் என் உற்சாகமும் செய்தது ஒரே காரியம். மன்னிப்புக் கேட்டேன். பெற்றோர் மீது அவளுக்கு எந்தக் கசப்பும் இல்லை. அந்த மொழியை உயிராக நேசித்தாள். நேசிப்பதை எல்லாம் தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

இப்போது என் மேசையில் பென்சில் வைப்பதில்லை, பேனாதான். மனம் மாறினால் ஒரே கோடாக அடித்துவிட்டு எழுதுங்கள், கிறுக்கி மறைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்த சொற்களிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறேன்.

அந்தப் பையன் அடுத்த வாரம் அம்மாவுடன் வந்தான். நர்சிங் படிப்பு பற்றிய விவரத் தாளை அவர் இரண்டு முறை நிதானமாக வாசித்தார். தன் மாமனாரை இவன் புரட்டிப் படுக்கவைத்ததை இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். மறுத்துப் பேசுவார் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இரவுப் பணி இருந்தால் அடுத்த நாள் பகலில் தூங்க விடுவார்களா, மேடம்?"