மாமியின் குளிசை உறை

நேற்றுப் பின்னேரம் மாமியோடு வெள்ளவத்தையில் ஒரு பாமசிக்குப் போனேன். பிரஷருக்கு லோசார்டன், கால் வீக்கத்துக்குச் சலம் போகிற குளிசை. இரண்டும் வழமையானவை. அப்புறம் மெதுவாக, "தம்பி, முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் பத்துத் தாங்கோ" என்றா.

"அது கிட்னிக்குக் கூடாது மாமி" என்று நான் தடுத்தேன். "நோவுக்கும் கிட்னிக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?" என்றா மாமி.

சம்பந்தம் கொழுப்பில்தான். தேங்காய்ப்பால் கொழுப்பல்ல, கலங்களின் மென்சவ்வில் இருக்கிற கொழுப்பு. அதிலிருந்து பிரிகிற அரக்கிடோனிக் அமிலத்தைக் கொக்ஸ் என்ற நொதியம் புரோஸ்டாகிளான்டின் ஆக்குகிறது. முழங்காலில் அது நோவைக் கூட்டும். சிறுநீரகத்திலோ, வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவருகிற மயிரிழைபோன்ற நாடியை விரித்துப் பிடிக்கும். உடம்பில் நீர் குறைந்து மற்றதெல்லாம் அந்த நாடியை இறுக்கப் பார்க்கும்போது புரோஸ்டாகிளான்டினின் தயவுதான் பெரிது. (அதே அமிலத்திலிருந்து இன்னொரு நொதியம் செய்கிற 20-ஹெட்டி என்ற பொருள் அந்த நாடியைச் சுருக்கும். ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான், குணம் வேறு!)

டைக்ளோபெனாக் கொக்ஸை முடக்கும்; உள்ளே வருகிற நாடி சுருங்கும். லோசார்டன் வெளியே போகிற நாடியைத் தளர்த்தும். சலக் குளிசை நீரைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்ட அழுத்தம் எங்கே இருக்கும்? சில நாளிலேயே இரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறலாம்.

அஸ்பிரின் வகை மருந்துகள் (டைக்ளோபெனாக்கும் அந்த வகைதான்) புரோஸ்டாகிளான்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் காட்டியது 1971இல். 1982இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது.

மாமி உறையை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு கேட்டா: "அப்ப சித்தாலேப பாம் பூசலாம்தானே?"