லென்ஸுக்குப் போகும் பணம்

மும்பையில் கல்யாணமும் கச்சேரியும் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களிடம் எல்லோரும் கேட்பது, "என்ன கேமரா வச்சிருக்கீங்க?" என்றுதான். லென்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் சம்பாத்தியம் அதிகமாகக் கரைவது அதில்தான். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, ஒன்று வாங்கினால் சில வருஷம் ஓட்டிவிடலாம். லென்ஸ் விஷயத்தில் ஒன்றின் கடன் அடைவதற்குள் அடுத்ததன் தேவை வந்து நிற்கும்.

மாட்டுங்காவில் விடிகாலை முகூர்த்தம் ஒன்றை எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு லென்ஸ் ஏன் போதாது என்பது தெரியும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை கிட்டக் காட்ட 55 மில்லிமீட்டர் வரை இழுத்தால் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் வாய், எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் சின்னதாக ஆக வாய் பெரிதாகும். மண்டபத்தில் மஞ்சள் விளக்கு, ஓமப் புகை. ஃபிளாஷ் அடித்தால் புகை வெள்ளைத் திரையாக முன்னால் நிற்கும். கெட்டிமேளம் கொட்டி மூன்று முடிச்சு விழும் அந்த அரை நிமிஷத்தை, 'இன்னொரு தடவை கட்டுங்க' என்று கேட்டு வாங்க முடியாது. அங்கே 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) இருந்தால் எஃப் 5.6-ஐ விட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். சுமார் 20,000 ரூபாயில் கிடைக்கும் இந்த லென்ஸை வாங்கச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

யோசிக்க வேண்டியது அதற்கடுத்த லென்ஸுக்குத்தான். ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி எடுக்கும்போது மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று பாடகரைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஃபிளாஷும் கூடாது. பின்னால் நின்றுகொண்டே முகபாவத்தைப் பிடிக்க, தூரத்தைக் கிட்டக் காட்டும் 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் வேண்டும். கேமராக் கம்பெனிகளின் சொந்தத் தயாரிப்பு என்றால் புதிது 2 லட்சத்தைத் தாண்டும். விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாய் சுமார் 28 மில்லிமீட்டர். 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71. அவ்வளவு அகலமான கண்ணாடியைப் பிசிறில்லாமல் கடைய வேண்டும், நிறம் சிதறாத விசேஷக் கண்ணாடிகள் சேர்க்க வேண்டும், ஜூம் செய்யும்போது எல்லாம் பிசகாமல் நகர வேண்டும். உழைப்புக்குத்தான் விலை, அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

பில்லோடு செலவு முடிவதில்லை என்பதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 77 மில்லிமீட்டர் ஃபில்டர், பெரிய பை, ஒன்றரைக் கிலோ வரை கனக்கும் லென்ஸைத் தாங்க மோனோபாட் என்கிற ஒற்றைக்கால் ஸ்டாண்ட். அப்புறம் மும்பை மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் இருக்கும் ஈரத்தில், பையிலேயே மூடி வைத்த லென்ஸுக்குள் ஃபங்கஸ் வலை பின்னிவிடும். முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். அதன் பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் வைத்திருக்கும் ட்ரை கேபினட் வாங்கியே ஆக வேண்டும். அதையும் லென்ஸ் விலையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தாராவியிலிருந்து என்னோடு உதவிக்கு வரும் ஒரு தம்பி போன வருஷம், "அண்ணே, இஎம்ஐ-ல 70-200 போட்டுரட்டுமா?" என்று கேட்டான். ஃபோர்ட் பக்கம் கடை கடையாக விலை விசாரித்துவிட்டு வந்திருந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். லென்ஸ் 2,10,000, அதையே வாடகைக்கு எடுக்க ஒரு நாளைக்கு 1,500 என்று வைத்துக்கொண்டால், 140 நாள் வாடகைதான் லென்ஸின் விலை. மாதம் இரண்டு கச்சேரி என்றால் 70 மாதம், கிட்டத்தட்ட ஆறு வருஷம். வட்டியைச் சேர்க்கவே இல்லை. ஆறு வருஷத்தில் இந்தத் தொழிலில், லென்ஸைப் பாடியில் பூட்டுகிற மவுன்டே மாறிவிடலாம். கேனான் 1987-ல் கொண்டுவந்த இஎஃப் மவுன்ட் இருக்கும்போதே 2018-ல் ஆர்எஃப் வந்தது. 1959 முதல் எஃப் மவுன்டை விடாமல் வைத்திருந்த நிக்கானும் அதே 2018-ல் இசட் மவுன்டுக்குப் போனது. பழைய லென்ஸைப் புதுப் பாடியில் மாட்ட அடாப்டர் உண்டுதான். ஆனால் பாடியில் உள்ள மோட்டாரை நம்பி ஃபோகஸ் செய்த பழைய நிக்கான் லென்ஸ்களுக்கு நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் வராது. தாலி கட்டும் நேரத்தில் கையால் ஃபோகஸ் திருகிக்கொண்டிருக்க முடியுமா?

வாடகைக்கும் ஒரு குறை இருக்கிறது. தை மாத முகூர்த்த நாட்களில் எல்லோரும் ஒரே லென்ஸைத்தான் தேடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது. மாதத்தில் ஏழெட்டு நாள் ஒரு லென்ஸை வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தால் வாங்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கணக்குப்படி இரண்டு வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும்.

தம்பி கடைசியில் 85 எஃப் 1.8 ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தான். டார்ச் அடித்து உள்ளே ஃபங்கஸ் இருக்கிறதா, அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கினோம். கச்சேரி வந்தால் 70-200 வாடகைக்கு எடுக்கிறான். கொட்டேஷனில் 'லென்ஸ் வாடகை' என்று தனி வரி போடச் சொல்லியிருக்கிறேன். சபாக்காரர்கள் முதலில் காரணம் கேட்டார்கள். விளக்கிச் சொன்னதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.