நாற்பத்தாறு உறைகள்

12 அக்டோபர் 2024, சனி

இன்றைய கூட்டத்தில் வேலைகளைப் பிரித்துக்கொண்டபோது, பங்கேற்பாளர் பொதிகளைத் தயாரித்து வழங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கதை எழுதவும் ஆடை சேகரிக்கவும் போட்டி இருந்தது. உறைக்குள் தாள் வைக்க யாரும் கை தூக்கவில்லை. கணக்கு வேலை பார்ப்பவளுக்கு இது பொருத்தம் என்று அக்கா ஒருவர் சொன்னார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் நடத்தவிருப்பது நேரடிப் பாத்திரமேற்பு விளையாட்டு. பலரும் லார்ப் என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 1982இல் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் தொடங்கிய டிரெஷர் டிராப் இதன் முன்னோடிகளுள் ஒன்று. வட ஐரோப்பிய நாடுகளில் இதை நடத்துபவர்கள் 1997 முதல் இதற்கென்றே மாநாடு கூட்டி வருகிறார்கள். இதை அம்மாவிடம் விளக்கியபோது, “தெருக்கூத்து மாதிரியா?” என்று கேட்டார். கூத்துக்குப் பார்வையாளர் உண்டு. இங்கு வருகிற எல்லாரும் ஆடுபவர்களே. வசனமும் எழுதித் தரப்படுவதில்லை. தான் யார், யாரிடம் கடன்பட்டிருக்கிறார், எதை மறைக்கிறார் என்பது மட்டுமே ஒருவருக்கு எழுதித் தரப்படுகிறது. அந்த எழுத்து முழுவதும் என் உறைக்குள்தான் இருக்கப்போகிறது என்பதைக் கூட்டம் முடிந்து ரயிலில் திரும்பும்போதுதான் உணர்ந்தேன்.

களம், 1843ஆம் ஆண்டுச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் கரை. இப்போது உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தத் தெரு, கடலைத் தூர்ப்பதற்கு முன்பு கரையோரமாகவே இருந்தது. 1827இல் குடிசையாகத் தொடங்கிய குச்சுப் பள்ளிவாசலும், அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த நாகூர் தர்காவும், 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹொக் கெங் சீன ஆலயமும் அருகருகே நின்ற கரை அது. தோணிக்காரர், பால்காரர், சலவைக்காரர், வட்டிக்கு விடுபவர், மனு எழுதுபவர், இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட கைதிகள் என மொத்தம் 46 பாத்திரங்கள். நாள் நவம்பர் 9. இடம் ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபம்.

19 அக்டோபர், சனி

ஒவ்வோர் உறையிலும் என்னென்ன இருக்கவேண்டும் என்று இன்று முடிவு செய்தோம். பாத்திரத் தாள்கள் இரண்டு, அவருக்கு யார் யாரைத் தெரியும் என்று சொல்லும் உறவுத் தாள் ஒன்று, விதித் தாள் ஒன்று, கரையின் வரைபடம் ஒன்று, ஆட்டத்தில் இரண்டாம் மணி அடித்த பிறகே பிரிக்கவேண்டிய சிறிய உள்ளுறை ஒன்று, கழுத்தில் தொங்கவிடும் பெயரட்டை, அட்டையில் வெட்டிய நாணயங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கை ரூபாயில் வைத்திருந்தாலும் சந்தையில் புழங்கியது ஸ்பானிய வெள்ளி என்பதால், நாணயத்தில் எதை அச்சிடுவது என்பதற்கே அரைமணி நேரம் போயிற்று. ஸ்பானிய வெள்ளி வென்றது. ஆளுக்கு ஐந்து, வட்டிக்கு விடுபவருக்கு மட்டும் முப்பது.

விதித் தாளில்தான் உண்மையான விவாதம் இருந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவருக்கு மனம் தாங்காமல் போனாலோ அடிபட்டாலோ, அனைத்தையும் உடனே நிறுத்துவதற்கு ஒரு சொல்லும், வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு சொல்லும் வேண்டும். வட ஐரோப்பியர் இதற்குக் கட், பிரேக் என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் ஆடும் ஆட்டத்தில் தமிழ்ச் சொல்தான் இருக்கவேண்டும் என்று நான் முதலில் வாதிட்டேன். “நிறுத்து”, “மெதுவாக” என்று எழுதியும் விட்டேன். கதை எழுதும் தம்பி ஒரே கேள்வியில் என்னை மடக்கினார்: “அக்கா, தோணிக்காரர் சண்டை போடும்போது ‘நிறுத்துடா’ன்னு கத்தமாட்டாரா?” கத்துவார். ஆட்டத்தை நிறுத்தும் சொல், 1843இல் அந்தக் கரையில் எந்தத் தமிழரும் வாயெடுத்துச் சொல்லாத சொல்லாக இருப்பதே பாதுகாப்பு. கட், பிரேக் என்பவை அப்படியே நின்றன.

பேசாமல் விலகிப்போக விரும்புபவர் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மறைத்தபடி நடந்துபோகலாம், யாரும் காரணம் கேட்கக்கூடாது என்பது மற்றொரு விதி. கடலைப் பார்க்கும் தோணிக்காரர்களும் அப்படித்தானே கை வைப்பார்கள் என்று நான் பதிலுக்குக் கேட்டேன். தலையைக் குனிந்துகொள்ளவும் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம்.

26 அக்டோபர், சனி

பதிவுகள் நிறைந்துவிட்டன. இன்று முழுவதும் பெயர்களோடு மல்லுக்கட்டினேன்.

இணையப் படிவம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெரும்பாலோர் அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ என்பதற்குப் பின்னால் இருக்கும் தந்தை பெயரை அங்கே நிரப்பியிருந்தார்கள். சிலர் மாற்றி எழுதியிருந்தார்கள். ஒருவர் இரண்டு கட்டங்களிலும் தம் பெயரையே எழுதியிருந்தார். பட்டியலைக் கணினி அடுக்கித் தந்தபோது, நவம்பர் 9ஆம் தேதி 46 பேரின் தந்தைமார் வரப்போவதைப் போல இருந்தது.

சொந்தப் பெயரால் அடுக்கினால் வேறொரு சிக்கல். ஆங்கில எழுத்துகளை நடுவில் பிளந்து, முதற்பாதிக்கு ஒரு வரிசை, மறுபாதிக்கு ஒரு வரிசை என்று வைப்பது இங்கு நிகழ்ச்சிகளில் வழக்கம். எங்கள் பட்டியலில் எஸ் என்ற ஓரெழுத்தில் மட்டும் பதினொரு பேர்; அதாவது செல்வி, சரவணன், சுந்தரி, சிவா வகையறா. தமிழ் அகர வரிசையில் அடுக்கலாம் என்றால், சாந்தியைத் தேடும் கை ஷாந்தியை எங்கே தேடும்? உதவிக்கு வரவிருக்கும் தொண்டூழியர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். தமிழை நன்றாகவே படிக்கிறார்கள்; ஆனால் ‘ந’ வரிசை ‘ப’வுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் மனத்துக்குள் பாட்டுப் பாடிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடையாள அட்டை எண்ணை வைத்து அடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். சட்டம் கேட்காத இடத்தில் அமைப்புகள் பொதுவாக அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது என்ற விதி 2019 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை.

கடைசியில் எளிய வழிதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் எண். உறையின் மூலையில் எண் பெரிதாக, நடுவில் ஆடுபவரின் பெயர் தமிழில். மேசையில் இரண்டு பட்டியல்கள்: ஒன்று தமிழ் வரிசையில், மற்றது ஆங்கில வரிசையில். இரண்டிலும் பெயருக்கு எதிரே அதே எண். பட்டியலில் பெயரைத் தேடி, பெட்டியிலிருந்து எண்ணை எடுத்தால் போதும். பாத்திரத்தின் பெயர் மட்டும் உறைமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரிசையில் பின்னால் நிற்பவர் அதைப் படித்துவிட்டால், “ஓ, நீங்கள்தான் வட்டிக்காரரா” என்று ஆட்டம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஒவ்வாமை விவரங்களும் உறைமேல் வராது. அவை சமையல் பொறுப்பாளரின் கையில் உள்ள தாளில் மட்டும்.

2 நவம்பர், சனி

தீபாவளிப் பலகாரம் தீருமுன்பே அச்சு வேலை. பிராஸ் பாசாவில் ஓர் அச்சுக் கடைக்குப் போனேன். வேர்ட் கோப்பாக எடுத்துச் சென்றால் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் சிதறிவிடும் என்பதால், முன்பு பட்ட அனுபவத்தில் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டுதான் போனேன். அந்தப் பக்கம் ஆபத்தில்லை. ஆபத்து வேறு பக்கத்தில் இருந்தது; உண்மையாகவே தாளின் மறுபக்கத்தில்.

பாத்திரக் குறிப்புகள் 46ஐயும் ஒரே கோப்பாகச் சேர்த்து, இரு பக்கமும் அச்சிடச் சொல்லியிருந்தேன். பெரும்பாலானவை நான்கு பக்கம். ஒன்பது மட்டும் மூன்று பக்கம். மூன்று பக்கக் குறிப்பின் கடைசிப் பக்கம் ஒரு தாளின் முன்புறத்தில் முடிந்தால், அதன் பின்புறத்தில் அடுத்தவரின் முதற்பக்கம் அச்சாகிவிடும். மாதிரிக்கு முதல் பத்துத் தாள்களை அச்சிட்டுப் புரட்டியபோது, சலவைக்காரரின் முதுகில் கைதி எண் நான்கின் இரகசியம் இருந்தது. கோப்பு என்னுடையது, தவறும் என்னுடையது. மாதிரி பார்க்காமல் மொத்தத்தையும் அச்சிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியபடி, கடையின் ஓரத்து நாற்காலியில் மடிக்கணினியைத் திறந்து, ஒன்பது குறிப்புகளிலும் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்தேன். வெறுமையாக விட மனமில்லாமல் மேலே “உங்கள் குறிப்புகளுக்கு” என்று தலைப்பிட்டேன். கடைக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார்.

மூத்தோர் ஆறு பேருக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தனியாக அச்சிடவேண்டியிருந்தது. அவர்களுடைய உறையில் தாள் கூடும். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

7 நவம்பர், வியாழன்

இரவு ஏழு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்தோம். தாள்களை வகைவாரியாகத் தரையில் அடுக்கி, எண் வரிசைப்படி ஒவ்வோர் உறையையும் கைமாற்றி நிரப்பினோம். அம்மா தே போட்டுத் தந்துவிட்டு, கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிபார்ப்பதற்கு எனக்குத் தோன்றிய உத்தியைப் பற்றிச் சற்றுப் பெருமையோடு எழுதிவைக்கிறேன். 80 கிராம் தாள் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஒரு சதுர மீட்டரில் பதினாறு ஏ4 தாள்கள் அடங்கும். ஆகவே ஒரு தாளின் எடை ஐந்து கிராம். நாணயங்களைப் போடுவதற்கு முன்பு ஒவ்வோர் உறையையும் சமையலறைத் தராசில் வைத்தால், தாள் குறைந்திருப்பதைப் பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கவும் செய்தோம்: எண் 9இலும் எண் 31இலும் ஐந்து ஐந்து கிராம் குறைந்தன. இரண்டிலும் வரைபடம் இல்லை. பதினொன்றரை மணிக்குப் பெட்டிகளை மூடினோம். வந்தவர்கள் என் தராசைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

9 நவம்பர், சனி

காலை பத்து மணிக்குள் மூன்று பேர் வர இயலாது என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். அவர்களுள் பால்காரரும் ஒருவர். அவரிடம் பால் வாங்கிக் கடன் வைத்திருப்பவர்களாக எட்டுப் பேருடைய உறவுத் தாள்களில் எழுதியிருந்தோம். எட்டு உறைகளையும் பிரித்துக் கையால் திருத்துவதா? நேரமில்லை. “பால்காரர் மலாக்காவுக்குப் போயிருக்கிறார்” என்று ஓர் அட்டையில் எழுதி மண்டப வாசலில் ஒட்டினோம். கடன்காரர்கள் எட்டுப் பேரும் நாள் முழுவதும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு மேசை திறந்தது. முதல் ஐந்து நிமிடங்களிலேயே ஒன்றைக் கவனித்தேன். தொண்டூழிய மாணவி வலக்கையில் பேனாவைப் பிடித்துப் பட்டியலில் குறியிட்டபடி, இடப்புறப் பெட்டியிலிருந்து உறையை எடுத்து இடக்கையாலேயே நீட்டினாள். வாங்க வந்த மூத்தவர் ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டியை அங்கே வைத்தது நான். பெட்டியை வலப்புறம் மாற்றி, குறியிடுவதற்குத் தனியாக ஒருவரை உட்காரவைத்தேன். அதன் பிறகு உறைகள் இரு கைகளாலும் போயின. வரிசையும் முன்னைவிட வேகமாக நகர்ந்தது. ஒரே ஆள் இரண்டு வேலை செய்யும்போது பேனாவைத் தேடுவதில்தான் நேரம் போகிறது.

இரண்டு மணியளவில் 43 பேரும் சுவரோர நாற்காலிகளில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். படிக்க இருபத்தைந்து நிமிடங்கள் ஒதுக்கியிருந்தோம். மண்டபத்தில் தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது. அப்போதுதான் எண் 17, மனு எழுதுபவர், உறையோடு என்னிடம் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தங்கச்சி, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா இதுல என்னையே நான் சந்தேகப்படுறேனே?”

வாங்கிப் பார்த்தேன். பாத்திரத் தாள்கள் அவருடையவை. உறவுத் தாள் எண் 18க்கு உரியது. மனு எழுதுபவர் பொய்ப் பத்திரம் எழுதித் தருகிறார் என்று வட்டிக்காரர் சந்தேகப்படுவதாக அதில் இருந்தது. எதிர்ச் சுவரோரம் வட்டிக்காரர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எண் 17இன் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். வியாழன் இரவு ஏதோ ஒரு கையில் இரண்டு தாள்கள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டும் ஐந்து கிராம்தான். என் தராசுக்கு அவை ஒன்றே.

கதை எழுதிய தம்பியை அழைத்தேன். தாள்களை மாற்றிக் கொடுத்தாலும் படித்ததை மறக்கவைக்க முடியாது. அவர் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, இருவரையும் தனியே அழைத்துப்போய், ஒருவர் மற்றவரைப் பற்றிக் கரையில் பேச்சு அடிபடுவதைக் கேட்டிருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பெரியவர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். வட்டிக்காரருக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை; ஒளித்து வைத்து விளையாடத்தான் வந்தேன் என்று சொன்னார். அவர் சொன்னது நியாயம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மாலையில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வந்ததைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் பங்கு வேண்டாம்.

10 நவம்பர், ஞாயிறு

பெட்டிகளைத் திறந்து வகை பிரித்தேன். பெயரட்டைகள் 43இல் 40 திரும்பியிருக்கின்றன. நாணயங்களை எண்ணவில்லை; பாதிக்குமேல் சிறுவர்களின் பைக்குள் போய்விட்டன. பாத்திரத் தாள்களைத் திருப்பித் தரச் சொன்னபோது பலர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். வராத மூவரின் உறைகளில் பெயர் மட்டும் கிழித்து, தாள்களை அடுத்த முறைக்கு எடுத்து வைத்தேன்.

அடுத்த முறைக்கான பட்டியலில் இரண்டு மாற்றங்களை எழுதினேன். ஒவ்வொரு தாளின் அடிக்குறிப்பிலும் பாத்திர எண் அச்சாகவேண்டும். இப்போது முதற்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது, உறவுத் தாளில் இருக்கவே இல்லை. நிரப்பியவர் அல்லாத இன்னொருவர் ஒவ்வோர் உறையையும் திறந்து, எல்லாத் தாளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று வாய்விட்டுப் படிக்கவேண்டும். 46 உறைகளுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். தராசும் இருக்கட்டும்.

திரும்பி வந்த தாள்களுக்கு நடுவே எண் 26இன் உள்ளுறை பிரிக்கப்படாமல் கிடைத்தது. இரண்டாம் மணி அடித்தபோது அந்தப் பெண் தோணிக்காரரோடு வாக்குவாதத்தில் இருந்தாராம். மணி காதில் விழவில்லை என்று நேற்றே சொல்லிவிட்டுப் போனார். உள்ளே என்ன இருந்தது என்று இன்று மதியம் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறார். நாளை வேலை முடிந்து வரும் வழியில் அவருடைய அஞ்சல் பெட்டியில் போட்டுவிடுவதாகப் பதில் எழுதினேன்.