கிங்ஃபிஷுக்கு டேக் குத்திய அனுபவம்: இரண்டாம் பருவம்

ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநில மீன்வளத் துறை 1973 முதல் ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்கள், பிடித்த மீனின் முதுகில் எண் பொறித்த மஞ்சள் நிற பிளாஸ்டிக் டேக் ஒன்றைக் குத்திக் கடலிலேயே விட்டுவிட்டு, இடம், நாள், நீளம், உத்தேச எடை ஆகியவற்றைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். அதே மீனைப் பின்னர் யாரேனும் பிடித்து எண்ணைத் தெரிவித்தால், அது எங்கே போனது, எவ்வளவு வளர்ந்தது என்பது தெரியவரும். இதுவரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இவ்வாறு விடப்பட்டுள்ளன என்றாலும், மறுபடியும் பிடிபட்டுத் தகவல் வருபவை மிகச் சிலவே. சிட்னியில் நான் சேர்ந்திருக்கும் தூண்டில் சங்கத்தின் வழியாகச் சென்ற கோடையில் இருபது டேக்குகள் வாங்கினேன்.

கிங்ஃபிஷ் என்றதும் நம்மவர்களுக்கு வஞ்சிரம் நினைவுக்கு வரும். இங்கே அப்பெயரில் அழைக்கப்படுவது பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சள் வாலுடைய வேறொரு மீன். துறைமுகத்து மிதவைகளின் சங்கிலியைச் சுற்றியே திரியும். தூண்டிலில் சிக்கியதும் அந்தச் சங்கிலியை நோக்கித்தான் ஓடித் தூண்டில் நரம்பை அறுக்கும்.

முதல் இரண்டு டேக்குகள் வீணாயின. டேக் குத்தும் ஊசியை நேராகக் குத்தியதால் டேக்கின் முனைக் கொக்கி வெறும் சதையில்தான் நின்றது. இலேசாக இழுத்துப் பார்த்தபோது கையோடு வந்துவிட்டது. முதுகுத் துடுப்பின் அடியில், தலைப் பக்கமாகச் சாய்த்துக் குத்தினால், துடுப்பைத் தாங்கும் எலும்புகளுக்கிடையே கொக்கி மாட்டிக்கொள்ளும் என்று சங்கத்து மூத்தவர் ஒருவர் செய்து காட்டினார். சரியாக மாட்டும்போது விரல் நுனியில் ‘நறுக்’கென்ற சிறு அதிர்வு தெரிகிறது. அதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு சந்தேகம் வருவதில்லை.

இதைவிடக் கடினமானது, மீனைப் படகுக்குள் வைத்திருக்கும் அந்த ஒரு நிமிடம். ஈரத்துணியால் கண்ணை மூடினால் துள்ளல் அடங்கிவிடுகிறது. உலர்ந்த கையால் தொட்டால் உடலின் வழவழப்புப் படலம் உரிந்துவிடும் என்பதால், கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொள்கிறேன். வட்டத் தூண்டில் முள்ளுக்கு மாறிய பிறகு, முள் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டுவதால், அதைக் கழற்றும் நேரமும் குறைந்திருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் அளவுப் பாயை விரித்து நீளம் பார்க்க வேண்டும். மூன்றாவது மீனின்போது பாய் பெட்டிக்கடியில் சிக்கிக்கொண்டதால், கண்மதிப்பாக 70 சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டேன். பிடித்தவன் கண்ணுக்கு எந்த மீனும் சற்றுப் பெரிதாகத்தானே தெரியும்.

அந்தப் பருவத்தில் பதினொரு மீன்களை விட்டேன். இக்கரையில் டேக் குத்திய கிங்ஃபிஷ் சில, டாஸ்மன் கடலைத் தாண்டி நியூசிலாந்தில் பிடிபட்டிருக்கின்றன. என்னுடையதில் ஒன்றாவது அங்கே போகாதா என்று உள்ளூர ஆசைதான். ஆனால் சிறிய கிங்ஃபிஷ் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளேயே மீண்டும் சிக்குகின்றன. அருகிலேயே இருந்தது என்பதும் ஆய்வாளர்களுக்குத் தேவையான செய்தியே என்று மூத்தவர் சொன்னபோது, அது ஆறுதல் வார்த்தை என்றே எனக்குப் பட்டது.

சென்ற வாரம் முதல் தகவல் வந்தது. பதின்மூன்று மாதங்களுக்குப் பிறகு, நான் விட்ட இடத்திலிருந்து இரண்டு மிதவைகள் தள்ளி, ஒரு பையன் பிடித்திருக்கிறான். எண்ணைச் சரிபார்த்தேன், அதே மூன்றாவது மீன். அவன் பாயில் கிடத்தி ஒழுங்காக அளந்திருந்தான்: 69 சென்டிமீட்டர். என் சீட்டின்படி அந்த மீன் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நீளம் கண்மதிப்பு என்று துறைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். மீதமுள்ள ஏழு டேக்குகளோடு சனிக்கிழமை மறுபடியும் கிளம்புகிறேன். அளவுப் பாயை இப்போது படகின் இருக்கையிலேயே ஆணியடித்து வைத்திருக்கிறேன்.