படுகளத்து மண்ணும் ஒரு கோடு போட்ட நோட்டும்

குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்குப் படுகளம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கனடாவில் பிறந்த நம் பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோவில் பாரதத்தின் கடைசி நாள் அது. பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று நாள்கணக்கில் நடந்த கதை அன்று முடியும். நம் பள்ளி மைதானத்தை ஒட்டிய வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாத்திப் போட்டிருப்பார்கள். நம் வகுப்பறையைவிட நீளம். முறுக்கு மீசை, உருட்டி விழிக்கும் கண். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர்ச் சட்டி புதைந்திருக்கும். பீமன் வேடக்காரர் அடித்ததும் அது உடைந்து மண் சிவக்கும். திரௌபதி கூந்தலை முடிவாள்.

1984 ஆடியில் நான் ஒன்பதாவது. களத்தில் ஒப்பாரி தொடங்கியதும் பாட்டி, அத்தை, எதிர்வீட்டுத் தறிக்காரம்மா எல்லோரும் அழுதார்கள். முந்தின ராத்திரிவரை திட்டித் தீர்த்த துரியோதனனுக்காக! நானும் அழுதேன். யாரோ ஒருவருடைய கை என் தோள்மேல் இருந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள்.

பிற்பாடு இங்கே மாலை வகுப்பில் சமூகவியல் படித்தபோது, பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைம் 1912-ல் எழுதியது கண்ணில் பட்டது. சடங்குக்குக் கூடுகிறவர்களிடையே ஓர் உணர்ச்சிக் கொதிப்பு கிளம்புகிறது, சமூகம் அந்தச் சூட்டில்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்கிறார். தோள்மேல் இருந்த அந்தக் கை உடனே ஞாபகம் வந்தது. கூடவே, படுகளத்துக்கு மறுநாள் வகுப்பில் நடந்ததும்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவன் காலனிப் பையன். “நேத்து நீ அழுதியாடா?” என்று கேட்டேன். “எங்கடா, ஏரிக்கரைல நின்னு பாத்தா தூசிதான் தெரிஞ்சிது” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்பதுபோலச் சொன்னான். எனக்கு அப்போது அது உறைக்கவும் இல்லை.

மறு வருஷம் எனக்கு டைபாய்டு. 21 நாள் பள்ளிக்குப் போகவில்லை. சாயங்காலம் தவறாமல் அவன் சைக்கிள் மணி வாசலில் கேட்கும். வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவான். உள்ளே படுத்துக்கொண்டு மணிச் சத்தம் தேய்வதைக் கேட்பேன். அந்தக் கோடு போட்ட நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாடத்துக்கு மேலே தேதி, ஓரத்தில் அன்றைய சேதி: யாருக்கு அடி விழுந்தது, கபடியில் யார் ஜெயித்தது. பதினோராம் நாள் இப்படி: “உன் எடத்துல யாரும் ஒக்காரல. நான் ஒக்கார உடல.”

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். சகோதரத்துவம் இல்லாமல் போனால் சமத்துவமும் சுதந்திரமும் மேல்பூச்சு வர்ணத்துக்கு மேல் ஆழம் போகாது என்றார். 1989-ல் நம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது வேலூர்ப் பகுதிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று. அவர் சொன்ன சகோதரத்துவத்தை நான் கண்ணால் பார்த்தது அந்தத் திண்ணையில்தான். சேர்ந்து அழுவது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணீர் ஏரிக்கரையைத் தாண்டவில்லை. தாண்டி வந்தது, ஒருத்தன் இல்லையே என்று இன்னொருத்தனுக்குப் பட்ட குறை. அதற்கு வழிவிட்டது நம் பள்ளியின் மூன்றடி பெஞ்சு.

சங்கம் என்று நாம் இங்கே கூடும்போதெல்லாம் சந்தா, பொங்கல் விழா, கட்டட நிதி என்று பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். எனக்கு மட்டும், இந்த வருஷம் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது.

வருகிற ஆடிக்கு ஊருக்குப் போகிறேன். போன வாரம் போனில் அவனிடம், “ரெண்டு பேரும் சேர்ந்து படுகளத்துக்குப் போலாம்டா, களத்துக்குள்ளயே, மண்ணுக்குப் பக்கத்துல நிக்கணும்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: “மொதல்ல நீ எங்க வூட்டுக்கு வா. சாப்ட்டுட்டுப் போலாம்.”